சுழல்தண்டும் எண்ணெய்ப் படலமும்

விரைந்து சுழலும் தண்டொன்றின் திணிவு மையம் சுழற்சியச்சினின்று மயிரிழையளவு விலகியிருப்பினும், ஒரு குறிப்பிட்ட கதியை அண்மியதும் அவ்விலகல் பெருகித் தண்டையே முறித்துவிடக் கூடும். சுழற்சியின் மீடிறன் தண்டின் இயற்கை மீடிறனோடு ஒத்துவரும் இக்கதியே அவதிக் கதி எனப்படும்.

1869 ஆம் ஆண்டில் கிளாஸ்கோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராங்கின், இக்கதிக்கு மேல் எத்தண்டும் உறுதியாகச் சுழலவியலாது என முடிவு கூறினார். கொரியோலிசு விசையை அவர் கணக்கிற் சேர்த்திலர். அவ்விசை 1835 ஆம் ஆண்டிலேயே பிரான்சில் ஆராயப்பட்டிருந்தது. எனினும், வெப்பவியக்கவியலின் முன்னோடி ஒருவரின் கூற்றாகலின் அதன் செல்வாக்கு நெடுங்காலம் நிலைத்தது.

மறுப்பு ஏட்டிலன்றித் தொழிற்கூடத்திலே பிறந்தது. சுவீடன் நாட்டவரான டி லவால் தம் நீராவிச் சுழலியை நிமிடத்துக்கு ஏறத்தாழ 30,000 சுற்றல்கள் வரை ஓட்டினார். தடித்த தண்டையே எவரும் நாடியிருப்பர். அவரோ 1889 ஆம் ஆண்டளவில் மெலிந்து வளையும் தண்டைத் தெரிந்தெடுத்தார். அவதிக் கதியைக் கடந்ததும் சில்லு தன் திணிவு மையத்தைப் பற்றியே சுழன்று அமைதியுற்றது. 1895 இல் ஜேர்மனியரான ஃபொப்பிள் இதற்குக் கணித விளக்கம் தந்தார். ஆயினும், ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் 1919 இல் ஜெஃப்கொட் எழுதிய கட்டுரையின் பின்னரே ஐயம் தீர்ந்தது. பிறமொழியில் வெளிவந்த உண்மையொன்று அண்டை நாட்டில் வேரூன்றக் கால் நூற்றாண்டு சென்றமை, தாய்மொழியில் அறிவியல் வேண்டுவோர் சிந்திக்கற்பாலது.

தடை நீங்கவே இயந்திரங்கள் அவதிக் கதிக்கு அப்பால் ஓடலாயின. புதிய இடரும் தோன்றிற்று. நன்கு சமநிலைப்படுத்திய தண்டுகளும் கடுமையாக அதிர்ந்தன. அமெரிக்காவில் நியூகேர்க்கும் ரெயிலரும் 1925 இல் வெளியிட்ட ஆய்வு, தாங்கியிலுள்ள மசகெண்ணெயே ஒரு காரணமெனக் காட்டியது. எண்ணெய்ப் படலம் தாங்கிச் சுவரில் ஓய்ந்தும் தண்டின் மேற்பரப்பில் முழுக்கதியோடும் இருத்தலின், சராசரியாக அரைக்கதியில் இழுபட்டுத் தண்டையும் தன்னோடு சுழற்றுகின்றது. எனவே அவதிக் கதியின் இருமடங்களவில் ஆபத்து மிகும்.

விந்தை யாதெனின், குற்றவாளியே காவலனாகவும் ஆயிற்று. ஜெற் இயந்திரங்களின் குண்டுத் தாங்கிகள் அதிர்வைத் தணிக்கும் ஆற்றல் குன்றியவை. ஆதலால், தாங்கியின் வெளிவளையத்தைச் சுழலாது தடுத்து, அதனைச் சூழ்ந்த மெல்லிய இடைவெளியில் எண்ணெயை நிரப்பும் முறையைக் கூப்பர் 1963 இல் ஆராய்ந்தார். வளையம் சுழலாமையால் எண்ணெய் இழுபடாது நெருக்குண்டு, அதிர்வின் சத்தியை வெப்பமாக்கும். தணிப்பு மிகின் வளையம் இறுகிப் பயனற்றுப்போம். குறையின் அதிர்வு அடங்காது. அவதிக் கதியைக் கடக்கையில் வேண்டிய தணிப்பு அதற்கப்பால் வேண்டுவதில்லை. ஒரே இயந்திரத்தில் இரண்டையும் பெறவேண்டியே, 1940களில் வின்சிலோவும் ராபினோவும் முறையே மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் தடிப்புறுமாறு ஆக்கிய பாய்பொருள்களைப் பிற்கால ஆய்வாளர் இப்படலத்தினுட் புகுத்தலாயினர்.