திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம்: மாணவர் வாழ்வும் தங்குமிடமும்

திருச்சிராப்பள்ளியில் கல்லூரிப் படிப்புக்கு நூற்று நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகம் பிறந்ததோ 1982-இல்தான். அதற்கு முன் இங்கே படித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தைத்தான் வாங்கினார்கள். கல்லூரிகள் ஒவ்வொன்றாக வந்து சேர, ஊர் கல்வி நகரம் ஆகிவிட்டது. ஆனால் மாணவர் தங்குவதற்கென்று ஊர் எதையும் முன்கூட்டித் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. படைத்தலைவனும் யாத்திரிகரும் கோயில் ஊழியரும் இருந்த இடங்களில் மாணவர்கள் குடியேறினார்கள். தினமும் பல்லாயிரம் மாணவர் ஏறி இறங்கும் சத்திரம் பேருந்து நிலையத்தின் பெயரிலேயே ஒரு பழைய தங்குமிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கோட்டைக்குள் விடுதி

தூய வளனார் கல்லூரியை இயேசு சபையினர் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கினார்கள். 1883-இல் அது திருச்சிக்கு இடம்பெயர்ந்தது. கோட்டையில் எஞ்சியிருக்கும் வாசலான மெயின்கார்டு கேட்டை ஒட்டி அதன் வளாகம். தெப்பக்குளத்தருகே ராபர்ட் கிளைவ் குடியிருந்த வீடு அக்கல்லூரியின் மாணவர் விடுதி ஆயிற்று. பெயர் மட்டும் கிளைவ் விடுதி என்றே நிலைத்துவிட்டது. கர்நாடகப் போர்க்காலத்துத் தளபதியின் பெயரை, ஊரிலிருந்து மணியார்டர் வரும் முகவரியாகப் பல தலைமுறை மாணவர்கள் எழுதியிருப்பார்கள்.

இந்தக் கல்லூரி விடுதி வாழ்க்கைக்கு நன்கு அறியப்பட்ட சாட்சி ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். 1950-இல் ராமேசுவரத்திலிருந்து வந்து சேர்ந்த அவர், 1954-இல் இயற்பியல் பட்டம் பெற்றார். அறைத் தோழர்கள் இருவர்: ஒருவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர், மற்றவர் ஸ்ரீரங்கத்து ஆசார ஐயங்கார். மூன்றாம் ஆண்டில் கலாம் சைவ மெஸ்ஸுக்குச் செயலாளர் ஆனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரி அதிபரையே மெஸ்ஸுக்கு விருந்துக்கு அழைத்ததைத் தன்வரலாற்றில் நினைவுகூர்கிறார். மரைக்காயர் வீட்டுப் பிள்ளை, பாதிரிமார் நடத்தும் விடுதியில், சைவச் சமையலுக்குப் பொறுப்பாளர். ஸ்ரீரங்கம் ஆற்றுக்கு அக்கரையில் ஐந்தாறு கிலோமீட்டர்தான்; அந்த ஐயங்கார் மாணவர் வீட்டிலிருந்தே வந்துபோயிருக்கலாம். விடுதியில் சேர்த்தால்தான் பிள்ளை படிப்பான் என்று பெற்றோர் எண்ணும் வழக்கம் புதிதன்று போலும்.

மெஸ் செயலாளர் பதவி அலங்காரப் பதவியன்று. தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகள் பலவற்றில் நெடுங்காலமாக இருப்பது ‘டிவைடிங் சிஸ்டம்’. அரிசி, பருப்பு, காய்கறி, விறகு அல்லது கேஸ் ஆகியவற்றின் மாதச் செலவை எல்லாம் கூட்டி, மாணவர்கள் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுத்தால் ஒருநாள் விலை கிடைக்கும். அதை அவரவர் சாப்பிட்ட நாட்களால் பெருக்கினால் மெஸ் பில். ஊருக்குப் போவதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவருக்கு ‘மெஸ் கட்’ உண்டு. சொல்லாமல் போனவருக்குச் சாப்பிடாத சோற்றுக்கும் கணக்கு ஏறும். பலரும் ஒரே வாரத்தில் ஊருக்குக் கிளம்பினால் மிச்சம் இருப்பவர் தலையில் ஒருநாள் விலை கூடிவிடும். நோட்டீஸ் போர்டில் பில் ஒட்டும் நாளில் செயலாளரைத் தேடி வராதவர் அரிது. துவரம்பருப்பு விலையை முதன்முதலில் கற்றுக்கொண்டவர்கள் பலர் இந்தப் பதவியில்தான் கற்றார்கள்.

மற்றக் கல்லூரிகளும் சமயம், சமூகம், பால் என்ற கோடுகளின் வழியே வந்தன. தேசியக் கல்லூரி 1919-இலும், பெண்களுக்கான ஹோலி கிராஸ் கல்லூரி 1923-இலும், சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரியும் காஜாமலைப் பக்கத்து ஜமால் முகமது கல்லூரியும் 1951-இலும் தொடங்கின. 1826-இல் திருச்சியில் இறந்த ஆயர் ஹீபரின் பெயர் தாங்கிய கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரியோடு கலந்து மறைந்து, 1966-இல் புத்தூரில் மறுபடி பிறந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் தாம்பரம் வளாகத்தில் இன்றும் ஒரு மாணவர் விடுதிக்கு ஹீபர் பெயர் இருப்பதில் இந்தத் திருச்சிக் கதை ஒளிந்திருக்கிறது.

வந்துபோவோர்

விடுதிகளைப் பற்றி எவ்வளவு எழுதினாலும், டே ஸ்காலர்களை விட்டுவிட்டால் திருச்சி மாணவர் வாழ்வு பாதிக்கு மேல் விடுபட்டுப்போகும். குளித்தலைப் பக்கத்துப் பிள்ளைகள் கரூர்ப் பாதை ரயிலில் கோட்டை நிலையத்தில் இறங்குவார்கள். லால்குடி, அரியலூர்ப் பக்கத்தார் ஸ்ரீரங்கத்திலோ டவுன் நிலையத்திலோ. மணப்பாறையாரும் தஞ்சாவூராரும் ஜங்ஷனில். மாத சீசன் டிக்கெட்டில் மாணவர் சலுகை இருப்பதால், அறை வாடகையை விட ரயில் மலிவு. கல்லூரிகள் அரசு உதவி பெறும் பிரிவு ஒரு வேளையிலும் சுயநிதிப் பிரிவு இன்னொரு வேளையிலும் என்று இரண்டு ஷிப்டாக நடப்பது இவர்களுக்கு வரமும் சாபமும். காலை ஷிப்டுக்காரர் இருட்டோடு கிளம்ப வேண்டும். மாலை ஷிப்டுக்காரருக்குக் கடைசி வகுப்பைவிட ரயில் நேரம்தான் முக்கியம்.

நகருக்குள் மத்தியப் பேருந்து நிலையத்தையும் சத்திரத்தையும் ஸ்ரீரங்கத்தையும் கோப்பது ஒன்றாம் நம்பர் பஸ். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாணவிகளின் கைச்செலவில் அது சிறிய மாற்றமன்று. 2022 நவம்பரில் நகரையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது, 2023 மார்ச் வரை அக்கரை மாணவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்பதை அந்தச் சில மாதங்கள் எல்லாருக்கும் நினைவூட்டின.

ஸ்ரீரங்கத்து வீடுகள்

ஸ்ரீரங்கத்தில் மாணவர் தங்குவது பெரும்பாலும் வீடுகளில். ஏழு பிராகாரங்களில் வெளிச்சுற்றுகளான உத்திர வீதிகளும் சித்திரை வீதிகளும் குடியிருப்புகள். முன்னே திண்ணை, பின்னே நீண்டுகொண்டே போகும் கட்டு. அந்தக் கட்டைப் போர்ஷன்களாகப் பிரித்தோ மாடியில் ஓர் அறை எழுப்பியோ வாடகைக்கு விடுவார்கள். உறவினர் வீடு இன்னொரு வழி. எழுத்தாளர் சுஜாதா பாட்டி வீட்டில் வளர்ந்து, இங்கே பள்ளியும் அக்கரையில் தூய வளனார் கல்லூரியும் படித்தவர். கலாமின் வகுப்புத் தோழர். பின்னாளில் அவர் எழுதிய ஸ்ரீரங்கத்துக் கதைகளால், இங்கே வந்தே இராத வாசகருக்கும் இந்த வீதிகள் பழக்கமாகிவிட்டன.

வீடு கேட்டுப் போகிறவரிடம் ‘சைவம் மட்டும்’ என்பார்கள். சமையலறையைப் பற்றிய நிபந்தனை போலத் தோன்றினாலும், பல இடங்களில் சாதியை நாசூக்காக விசாரிக்கும் வழி அதுதான். பேரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, அப்புறம்தான் அட்வான்ஸ் பேச்சு வரும். வைகுண்ட ஏகாதசி உற்சவ நாட்களில் வீதி நிறையக் கூட்டம். தேர்வுக்குப் படிப்பவர் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆறுதலுக்குத் திருவானைக்காவல் இருக்கிறது: 1943 முதல் இயங்கும் பார்த்தசாரதி விலாஸில் ஒரு நெய் ரோஸ்ட்.

பட்டப்படிப்புக்கு வெளியேயும் இங்கே மாணவர் உண்டு. வேத பாடசாலைப் பிள்ளைகள் ஆசிரியரோடு தங்கிச் சாப்பிட்டுப் படிக்கும் பழைய முறை தொடர்கிறது. எல்லாச் சாதியினருக்குமான அரசு அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளில் ஒன்றும் ஸ்ரீரங்கத்தில்தான். அதில் பயின்ற மூன்று பெண்கள் 2023-இல் சான்றிதழ் பெற்றது நாடறிந்த செய்தி.

ஊருக்கு வெளியே

1964-இல் தஞ்சாவூர்ச் சாலையில் துவாக்குடியை ஒட்டி வட்டாரப் பொறியியல் கல்லூரி எழுந்தபோது, மாணவர் இருப்பிடம் முதன்முறையாக ஊரைவிட்டுத் தள்ளிப் போயிற்று. 2003-இல் தேசிய தொழில்நுட்பக் கழகமான அந்தக் கல்லூரியின் விடுதிகளுக்கு இரத்தினப் பெயர்கள்: ஜேட், கோரல், டைமண்ட், அகேட், பெண்களுக்கு ஓப்பல். பாதி இடங்கள் பிற மாநிலத்தவருக்கு என்பதால் மெஸ்ஸில் சாம்பாருக்கும் ராஜ்மாவுக்கும் ஓயாத வழக்கு. புதுக்கோட்டைச் சாலையில் பாரதிதாசன் பல்கலைக்கழகமும், 2011-இல் தொடங்கிய இந்திய மேலாண்மைக் கழகமும் இதே போக்கில் வந்தவை. வளாகத்துக்குள்ளேயே எல்லாம் கிடைப்பதால், மலைக்கோட்டை ஏறாமலே பட்டம் வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

சட்டமும் மெல்ல விடுதிக்குள் நுழைந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர் 1996-இல் கொல்லப்பட்டதன் பிறகு, பகடிவதைத் தடைச் சட்டம் 1997-இல் வந்தது. பெண்கள் விடுதிகளுக்குப் பதிவும் உரிமமும் கட்டாயம் என்றது 2014-ஆம் ஆண்டுச் சட்டம். ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகள் முதலான அரசு விடுதிகளுக்கு 2025 ஜூலையில் சமூகநீதி விடுதி என்று பொதுப்பெயர் சூட்டப்பட்டது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரை உருவாக்கியவை இவைதான். தனியார் மகளிர் விடுதிகளில் மட்டும் மாலைக் கெடு இன்னும் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறது. அண்ணன் படித்த அதே ஊரில், தங்கைக்கு நூலகம் சீக்கிரம் மூடிவிடுகிறது.

2025-இல் பஞ்சப்பூரில் புதிய ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறந்தபின், வெளியூர்ப் பேருந்துகள் பல நகருக்குள் வருவதில்லை. மதுரைப் பக்கமிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கும் மாணவர், இன்னொரு டவுன்பஸ் பிடித்துத்தான் சத்திரம் போய்ச் சேர வேண்டும்.