வரக்காப்பியா, வறக்காப்பியா?

உளுந்தூர்பேட்டை – சேலம் சாலையில் எலவனாசூர்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் பால் சேராத காப்பிக்கு வரக்காப்பி என்று பெயர். சேலம், தருமபுரி, கொங்குப் பக்கங்களிலும் அதே பெயர்தான். பால் சேராத தேநீர் வர டீ. நேற்றுவரை யாரும் இந்தச் சொல்லை நிறுத்தி ஊரும் பேரும் கேட்டதில்லை. சிறுதானியத்துக்கு மவுசு வந்ததும் வந்தது, இதற்கு ஒரு புதுப் பிறப்புச் சான்றிதழ் தயாராகிவிட்டது. முன்னோர் வரகை வறுத்துப் பொடித்துக் காய்ச்சிக் குடித்தார்களாம். அந்த 'வரகுக் காப்பி'தான் தேய்ந்து வரக்காப்பி ஆயிற்றாம். சிறுதானியத் திருவிழா மேடை ஒன்றில் இதை ஒருவர் முழங்கக் கேட்டேன். கைதட்டல் வேறு.

இந்தப் பக்கம் வரகு விளைகிற பூமிதான், மறுக்கவில்லை. விளைகிற பயிரெல்லாம் சொல்லுக்குள் புகுந்துவிடுமா? வரகு உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். அதன்பின் வல்லினம் வந்தால் மிகாது என்பதற்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணமே 'வரகுகதிர்'தான். அப்படியானால் வரகோடு காப்பி சேர்ந்தால் வரகுகாப்பி என்றாக வேண்டும். பேச்சில் தேய்ந்தாலும் வரகாப்பி என்றுதான் நிற்கும். நம் சொல்லில் ககரம் அழுத்தமாக இரட்டிக்கிறது. தவிரவும், வரகில் உள்ள 'கு' அவ்வளவு லேசில் உதிர்கிற எழுத்தில்லை. வரகரிசியை எந்த ஊரிலாவது வரரிசி என்கிறார்களா? மேடையில் பேசியவர் அதையும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

இன்னொரு கூட்டம் திருக்கோவலூரிலிருந்து வருகிறது. அங்கே கபிலர் குன்று இருக்கிறது, கபிலம் என்றால் பழுப்பு, காப்பியும் பழுப்பு. ஆகவே கபிலமே காப்பி என்கிறார்கள். இந்தக் கணக்கில் தொல்காப்பியர் காப்பித் தோட்ட முதலாளி ஆகிவிடுவார். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தைப் பாடிய காப்பியாற்றுக் காப்பியனார் கடையே வைத்திருப்பார். அரபியில் கஹ்வா, துருக்கியில் கஹ்வே, டச்சில் கோஃபி, அங்கிருந்து ஆங்கிலம் என்பது உலகறிந்த வழி. இலங்கைத் தமிழர் டச்சுக்காரன் வாயிலிருந்து வாங்கியதால் கோப்பி என்கிறார்கள். நாம் ஆபீசையும் காலேஜையும் ஆகாரமாக்கியது போலவே ஆங்கிலத்திலிருந்து காப்பியாக்கிக்கொண்டோம். இதில் கபிலருக்கு வேலை இல்லை.

கொட்டை குளம்பு மாதிரி பிளந்திருப்பதால் 'குளம்பி' என்று பெயர் சூட்டியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஆக்கிய சொல், ஆராய்ச்சிக்கு உரியதல்ல. குடிக்கிற பொருளுக்கு மாட்டின் காலை நினைவுபடுத்தும் பெயரை வைத்தவருக்குக் காப்பி பிடிக்காது போலும்.

கவனித்துப் பதில் சொல்ல வேண்டியது இரண்டு தரப்பினருக்கு. வறுத்த கொட்டையில் போடுவதால் வறுத்த காப்பி, அதுவே வறக்காப்பி என்பது முதல் தரப்பு. எழுத்தைச் சரியாகப் பிடித்துவிட்டுப் பொருளைக் கோட்டைவிட்டவர்கள். அடைமொழி என்பது ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்கத்தான். பால் காப்பிக்கும் கொட்டையை வறுத்துத்தானே ஆகவேண்டும்? எல்லாக் காப்பிக்கும் பொதுவான குணம் ஒன்றுக்கு மட்டும் பட்டமாகாது.

இரண்டாம் தரப்பு சொல்வது வரக்கொத்தமல்லிக் காப்பி. காய்ந்த மல்லி விதையையும் சுக்கையும் தட்டி வெல்லம் போட்டுக் காய்ச்சுகிற அந்தச் சரக்கிலிருந்து நடுவில் கொத்தமல்லி உதிர்ந்து வரக்காப்பி ஆயிற்று என்பார்கள். கெட்டிக்கார வாதம். ஆனால் மல்லிக்காப்பியும் சுக்குக்காப்பியும் காப்பிக்கொட்டைக் காப்பி வந்த பிறகு அதைப் பார்த்துப் பெயர் பெற்றவை. அதற்கு முன் அவை கஷாயம், குடிநீர். பிந்திப் பெயர் வாங்கியது முந்தியதற்குப் பெயர் கொடுக்காது. அதோடு 'வர' மல்லிக்கு மட்டுமா முன்னால் நிற்கிறது? வரமிளகாய் இருக்கிறது. இந்த இடத்தில் அவர்கள் தம்மை அறியாமலே நமக்கு வழி காட்டிவிட்டுப் போகிறார்கள்.

வரமிளகாய், வரக்கொத்தமல்லி, வரக்காப்பி மூன்றிலும் இருப்பது ஒரே அடை. அது வற. நடுநாட்டிலும் வடக்கிலும் பேச்சில் ரகர றகர வேறுபாடு எப்போதோ அழிந்துவிட்டது. மளிகைக் கடைப் பலகையில் 'வரமிளகாய்' என்று எழுதியவருக்குக் காதில் விழுந்தது அவ்வளவுதான். எழுத்து மாறினாலும் குடும்பம் மாறாது. வறத்தல் என்றால் நீர் வற்றிக் காய்தல். வான்சிறப்பு அதிகாரத்தில் மழை பொய்ப்பதைச் சொல்ல வள்ளுவர் எடுத்துக்கொள்ளும் வினை இதுவே. வறம், வறன், வறட்சி, வறுமை, வறியவர், வறட்டி எல்லாம் இதன் மக்கள். வல்லினத்துக்கு முன் ஒற்று மிகுவதும் வரக்கொத்தமல்லியிலும் வரக்காப்பியிலும் ஒரே மாதிரி இருக்கிறது.

மலையாளத்தில் வரள்ச்ச என்று இடையின ரகரம் வருகிறதே என்று ஒருவர் கடிதம் எழுதக்கூடும். அதே மலையாளத்தில் வறுப்பதற்கு வல்லின றகரம்தான். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு இனிஷியல் தப்பாகப் பதிவானால் தகப்பன் மாறிவிடுவானா?

காப்பியில் தண்ணீர் தளும்புகிறதே, அது எப்படி வறண்டதாகும் என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. வற என்ற வேருக்குக் காய்தல் மட்டும் பொருளில்லை; இருக்கவேண்டியது இல்லாமல் போதல் என்பதும் பொருள். ஒன்றுமில்லாத கை வறுங்கை, ஒன்றுமில்லாத பாத்திரம் வறுங்கலம். வறிது என்ற உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியர் தரும் பொருள் சிறிது. சளி வராத இருமல் வறட்டிருமல். அனுபவம் கலவாத வேதாந்தம் வறட்டு வேதாந்தம். யாழ்ப்பாணத்தார் குழம்பில்லாமல் பிரட்டி எடுக்கும் கறிக்கு வறை என்று பெயர். அங்கே பாலில்லாத தேநீரை வெறுந்தேத்தண்ணி என்பார்கள். இங்கே வற செய்கிற வேலையை அங்கே வெறும் செய்கிறது.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமான சாட்சி மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது. பால் மறத்துப்போன மாட்டுக்குக் குடியானவன் வைத்த பெயர் வறட்டு மாடு. மாடு காய்ந்து போகவில்லை. தின்கிறது, தண்ணீர் குடிக்கிறது, கொழுத்தும் இருக்கலாம். பால் மட்டும் இல்லை. பாலின்மையைச் சொல்ல 'வற' என்ற சொல்லை ஏற்கனவே கையில் வைத்திருந்தவன், பாலில்லாத காப்பி வந்தபோது வேறு சொல் தேடி எங்கே போவான்?

பொருளுக்கு வருவோம், பொருளைக் காய்ச்சிப் பார்க்காமல் சொல்லை ஆராய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வரக்காப்பிக்குப் பில்டர் கிடையாது. குண்டானில் தண்ணீரை வைத்து, அதிலேயே வெல்லத்தைத் தட்டிப்போட்டுக் கரைத்துத் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். பிறகுதான் தூள்: ஒரு டம்ளருக்கு ஒரு கரண்டி, தேக்கரண்டியால் குவித்து. தூள் விழுந்ததும் பொங்கும். அந்தப் பொங்கலோடு அடுப்பை அணைத்துவிட வேண்டும். மேலும் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கி நாக்கைப் பிடிக்கும். தட்டுப் போட்டு மூடி மூன்று நான்கு நிமிடம் விட்டு, மூடியைத் திறந்து பச்சைத் தண்ணீரைக் கையால் எடுத்து மேலே தெளித்தால் மிதக்கிற தூள் அடியில் போய்ப் படியும். பாட்டிமார் இதை மந்திரம் போலச் செய்வார்கள். பிறகு துணியிலோ வலையிலோ வடிகட்டி, அடிமண்டியைக் கலக்காமல் ஊற்ற வேண்டும்.

இதற்குச் சிக்கரி கலந்த தூள் ஆகாது. சிக்கரியின் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்துவிடும். பாலோடு சேரும்போது அந்தக் கெட்டித்தன்மை நல்லது, பாலில்லாமல் குடித்தால் கருகிய பாகு மாதிரி தொண்டையில் தங்கும். நைசாக அரைத்த தூளும் வேண்டாம், ரவை மாதிரி கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்துத் தரச் சொல்லவேண்டும். அமுக்கு தண்டோடு வருகிற பிரெஞ்சு பிரெஸ்சை இப்போது பட்டணத்துப் பிள்ளைகள் வாங்கிவந்து வீட்டில் காட்டுகிறார்கள். வெந்நீரில் தூளை ஊறவைத்துப் பிறகு பிரிப்பது என்ற அதே வேலைதான்; பச்சைத் தண்ணீர் தெளிக்கிற இடத்தில் கம்பி வலை அமுக்குகிறது. 1933இல் இத்தாலியில் வந்த மோக்கா பாட் வேறு சாதி. அதில் அடித்தட்டில் கொதிக்கிற நீரை ஆவி மேலே தள்ளி, தூள் வழியாக ஏற்றுகிறது. காரமான சாறு வரும், பாலுக்குத் தாங்கும். வெல்லத்தோடு எனக்கு ஒத்துவரவில்லை.

ஏன் வெல்லம், ஏன் பாலில்லை என்பதும் சொல்லின் வரலாற்றில் சேர்த்தி. கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்புக் காடு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருப்பது அதனால்தான். வெல்லம் கைக்கு எட்டியது. கொதிக்கிற பாலில் வெல்லத்தைப் போட்டால் அதிலுள்ள புளிப்பு பாலைத் திரித்துவிடும் என்பது பாயசம் வைக்கிற எல்லாருக்கும் தெரியும். சர்க்கரை காசு கொடுத்து வாங்கவேண்டிய பொருளாக இருந்தவரை வெல்லமும் பாலும் ஒரே குண்டானில் இறங்கவில்லை. கறந்த பால் சொசைட்டிக்குப் போய்விட்டால் வீட்டில் மிஞ்சுவது தூளும் வெல்லமும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் போனாலும் வந்தவருக்கு முதலில் நீட்டுவது இதைத்தான்.

கொட்டையும் தூரத்துச் சரக்கில்லை. கல்வராயனுக்கு மேற்கே சேர்வராயன் மலையில், 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். ஏற்காட்டுக் கொட்டை சமவெளிக்கு இறங்கும்போது கூடவே பித்தளை பில்டர் இறங்கவில்லை. அது பட்டணத்து, அக்கிரகாரத்து, பால் வசதியுள்ள வீடுகளின் கருவி. மேல் அடுக்கில் தூளை நிரப்பி, குடையை வைத்து லேசாக அமுக்கி, கொதித்து இறக்கிய நீரை ஊற்றிவிட்டு, கால் மணி அரை மணி காத்திருக்கிற பொறுமை நாற்று நடப் போகிறவருக்குக் கிடையாது.

இங்கே ஒரு பக்கச் சொல்லையும் இழுத்துப் பார்க்கலாம். பில்டரில் சொட்டுவதை நாம் டிகாக்ஷன் என்கிறோம், ஊர்ப்பக்கம் டிக்காசன். ஆங்கில மருந்து நூல்களில் மூலிகையைப் போட்டுக் கொதிக்கவைத்து இறக்குவதுதான் டிகாக்ஷன். வெந்நீர் ஊற்றி ஊறவைப்பதற்குப் பெயர் இன்ஃப்யூஷன். நம் சித்த மருத்துவமும் முன்னதைக் குடிநீர் என்றும் பின்னதை ஊறல் என்றும் பிரித்தே வைத்திருக்கிறது. பில்டரில் தூள் கொதிப்பதே இல்லை. பிறகு அதற்கு எப்படி டிகாக்ஷன் என்று பெயர் வந்தது? பில்டர் வருமுன் எல்லா வீட்டிலும் காப்பி கொதிக்கவைத்த கஷாயமாகத்தான் இருந்தது. கருவி மாறியபின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, பட்டணத்துச் சொல்லே வரக்காப்பியின் மூப்புக்குச் சாட்சி சொல்கிறது. ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று ஒரு நூலுக்கே பெயர் வைத்தார். காப்பி வந்த காலத்திலும் முதலில் வந்தது எந்தக் காப்பி என்று கேட்டால், குண்டானில் கொதித்தது என்பேன்.

இன்னொரு பக்கச் சொல் கடுங்காப்பி. தெற்கே வரக்காப்பிக்கு இதுதான் பெயர். கேரளத்துக் கட்டன் காப்பியும் இந்தக் கடுவின் உறவாகத்தான் எனக்குப் படுகிறது. தெற்கத்தியான் குடித்தபின் நாக்கில் பட்டதைப் பெயராக வைத்தான். நம் ஊர்க்காரன் குடிக்குமுன் டம்ளரில் எது இல்லை என்று பார்த்துப் பெயர் வைத்தான். இரண்டு பெயரும் ஒரே பொருளுக்குத்தான். இரண்டுமே அசல் தமிழ் அடைகள். மலேசியாவில் காப்பி ஓ என்கிறார்கள். அந்த ஓ சீனர் மொழியில் கறுப்பு. தமிழன் நிறத்தைத் தொடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

எலவனாசூர்கோட்டை அர்த்தநாரீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைய உண்டு. அவற்றில் காப்பியைத் தேடுகிறவர்கள் தேடிக்கொண்டிருக்கட்டும். எனக்கு வறட்டு மாடு போதும். இனி நான் எழுதுமிடமெல்லாம் வறமிளகாய், வறக்காப்பி என்று வல்லின றகரம் போட்டே எழுதப்போகிறேன். பிழைதிருத்துகிறவர் ரகரமாக்கினால் மறுபடியும் றகரமாக்குவேன்.