எஞ்சின் சூடேற்றி

கடுங்குளிரில் வண்டி தடங்கலின்றிக் கிளம்ப, எஞ்சினை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கும் கருவி. குளிரில் ஆயில் கெட்டிப்படும், பேட்டரியின் திறன் குறையும், ஸ்டார்ட்டர் மோட்டார் திணறும். அமெரிக்காவின் வட டகோட்டாக்காரரான ஆண்ட்ரூ ஃப்ரீமன், போல்ட் வடிவிலான மின்சூடேற்றிக்கு 1949இல் காப்புரிமை பெற்றார்.

இன்று பரவலாக உள்ளது, கூலன்ட்டைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டர். வின்னிபெக், எட்மன்டன் போன்ற கனடிய நகரங்களில் கார்களின் முன்புறம் தொங்கும் பிளக் இதனுடையதுதான். கார்களுக்குப் பெரும்பாலும் 400 முதல் 1,000 வாட் வரை போதும். வாட் அளவைவிட, அந்த எஞ்சின் மாடலுக்கென்றே செய்ததா என்பதே முக்கியம். கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு சூடேற்றினால் போதும், இரவு முழுக்க விடுவது மின்சாரத்துக்குக் கேடு. ஆகவே டைமர் அவசியம். மின்இணைப்பு இல்லாத இடத்தில், வண்டியின் எரிபொருளையே எரித்துச் சூடேற்றும் வகை உதவும், விலைதான் அதிகம்.

லடாக்கின் குளிர்காலத்தில் சாதாரண டீசலே உறைந்துபோகும். −33 டிகிரி செல்சியஸ் வரை இளகிய நிலையில் இருக்கும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019இல் அங்கு அறிமுகப்படுத்தியது.

கடுங்குளிர் இல்லாத நம் திருத்தணி மலைப்பாதைக்கு இதெல்லாம் வேண்டாத செலவு. டீசல் வண்டிகளில் உள்ள ‘ஹீட்டர் பிளக்’ வேறு. அது எரியறையை மட்டும் சில நொடிகள் சூடாக்கும். மார்கழி விடியலில் வண்டி முரண்டு பிடித்தால் அதையும் பேட்டரியையும் சோதித்தால் போதும்.