தோட்டப் பாடசாலையும் தாய்மொழியும்: சப்பிரகமுவ, மலேசியா – ஓர் ஒப்புநோக்கு

தாய்மொழிக் கல்வியை மொழிப்பற்றுச் சார்ந்த பிரச்சினையாக மட்டுமே நோக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. எந்த வர்க்கத்தின் பிள்ளைகள் எத்தனை வயதுவரை தம் மொழியிற் கற்க முடிந்தது என வினவும்போது, அது உற்பத்தி உறவுகள் சார்ந்த பிரச்சினையாகவும் வெளிப்படுகின்றது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை மலேசியத் தோட்டங்களோடு ஒப்பிட்டு இதனை நோக்குவோம்.

இலங்கையில் 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தது. மலாயாவில் 1923ஆம் ஆண்டின் தொழிற் சட்டக் கோவையும் அப்பொறுப்பைத் தோட்ட உரிமையாளரிடமே விட்டது. கொழுந்தெடுக்கவும் பால் வெட்டவும் அடுத்த தலைமுறை வேண்டியிருந்தது; அதற்கு மேற்பட்ட கல்வி தோட்ட மூலதனத்துக்குத் தேவைப்படவில்லை. ஆகவே இரு நாடுகளிலும் தாய்மொழி மறுக்கப்படவில்லை. ஆரம்ப வகுப்புகளுடன் நிறுத்தப்பட்ட தாய்மொழிக் கல்வியே தொழிலாளியைத் தோட்டத்தினுள் நிறுத்தும் வேலியாயிற்று. இம்முரண்பாடு மனங்கொள்ளத்தக்கது.

சுதந்திரத்தின் பின்னர் இரு நாடுகளும் வெவ்வேறு வழிகளிற் சென்றன. மலேசியாவில் ஆறாண்டுத் தமிழ்ப் பள்ளி தேசியக் கல்வி அமைப்பினுள் நிலைபெற்றது. ஆயினும் இடைநிலையில் மலாய் படிப்படியாகப் போதனா மொழியாகியது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் ஒரு பாடமாக இருந்தது. தமிழ்ப் பள்ளி மாணவர் புகுமுக வகுப்பொன்றையும் கடக்க வேண்டியிருந்தது.

இலங்கையின் நிலை இதற்கு மறுதலை. 1945இல் ஆரம்ப வகுப்புகளிலும் 1950களில் இடைநிலையிலும் தாய்மொழியே போதனா மொழியாகியது. ஆனால் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கியது. 1960–61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின் பின்னரே அவை அரசின் கைக்கு வந்தன. அவற்றுட் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்புடன் முடிவடைந்தவை. பல ஓராசிரியர் பாடசாலைகள்.

சப்பிரகமுவவில் இக்குறைபாடு இரட்டிக்கின்றது. நுவரெலியாவைப் போலன்றி, இங்கே தோட்டங்கள் சிங்களக் கிராமங்களினிடையே சிதறிக் கிடக்கின்றன. இடைநிலை வகுப்புள்ள தமிழ்ப் பாடசாலை தொலைவிலும் சிங்களப் பாடசாலை அருகிலும் இருக்கும்போது, தோட்டத்துப் பெற்றோர்முன் நீண்ட பயணம், மொழி மாற்றம், இடைவிலகல் என்ற மூன்று வழிகளே எஞ்சுகின்றன. 1977, 1981ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இருந்த கல்வியும் அறுந்தது.

மலேசியாவிற் பள்ளி உண்டு, இடைநிலையில் உரிமை சுருங்குகின்றது. இலங்கையில் உரிமை உண்டு, இடைநிலையிற் பாடசாலை அரிது. தோட்டப் பிள்ளை சிங்களம் கற்பதை நாம் எதிர்க்கவில்லை. அயற்கிராமத்து உழைப்பாளியுடன் ஒன்றுபட அம்மொழி அவசியம். ஆனால் விரும்பிக் கற்பதும் வேறு பாடசாலை இன்மையாற் கற்பதும் ஒன்றல்ல. தமிழில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் ஆசிரியர், இடைநிலை வகுப்புகள், போக்குவரத்து வசதி ஆகியவற்றைக் கோராத தாய்மொழி வாதம், லயத்துப் பிள்ளையின் வாசலை எட்டாது.