வரைபடத்திலிருந்து வலைப்பக்கம்

ஊர் செல்ல இரயிலில் இடம் பெறுவதற்காக நம் காலனிக் குடும்பத்தினர் விடியுமுன் வரிசையில் நின்ற காலம் ஒன்று உண்டு. 2002-ஆம் ஆண்டில் இணையவழிப் பயணச்சீட்டு வந்தது. இன்று திரையில் ஒரு கட்டத்தைத் தொட, அடுத்தது எழுகிறது. இவ்வொழுங்கை வகுக்கும் முறை வளர்ந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

முதற்கண் நோர்வே நாட்டறிஞர் ட்ரிக்வே ரீன்ஸ்காக் அவர்களைக் குறிப்பிடல் வேண்டும். கப்பல் வடிவமைப்புக்கென ஆட்டோகான் என்னும் கணிப்பொறி நிரலை 1960-களில் ஆக்கியவர் இவர். 1979-இல், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரத்து ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் விருந்தினராக இருந்தபோது, செய்தி வேறு, அது திரையில் தோன்றும் வடிவம் வேறு, பயனரின் கட்டளையை ஏற்று நடத்தும் பகுதி வேறு எனப் பிரித்துரைத்தார். மாடல், வியூ, கண்ட்ரோலர் என வழங்குவன இவையே. வையவிரிவு வலை பிறவாத காலம் அது!

1990-களில் வலைத்தளங்கள் பெருகின. பல இடங்களில் பக்கம் பக்கமாகக் கையால் எழுதினர். ஒன்றை மாற்றினால் பலவற்றை மாற்ற நேர்ந்தது. கொத்தனாரும் வரைபடம் பார்த்தன்றோ சுவர் எழுப்புகிறார்? மிலான் பாலிடெக்னிக்கைச் சேர்ந்த ஸ்டெபானோ செரி, பியரோ பிரட்டெர்னாலி முதலியோர் 2000-இல் ஆம்ஸ்டர்டாம் மாநாட்டில் வெப்எம்எல் என்னும் வரைமொழியை முன்வைத்தனர். இரயில் சீட்டையே சான்றாகக் கொள்வோம். ஊர்களையும் நாளையும் கேட்கும் படிவம் ஒரு கட்டம். வண்டிகளின் பட்டியல் மற்றொரு கட்டம். இடையிலுள்ள அம்புக்குறி அவ்விவரங்களைச் சுமந்து செல்லும். இத்தகைய வரைபடத்திலிருந்து கருவியே பக்கங்களை ஆக்கித் தரும். நிறமும் எழுத்தழகும் தனியே உடுத்தப்படும் ஆடை போன்றவை.

இதன் வழிவந்த ஐஎப்எம்எல் என்னும் மொழியை ஓ.எம்.ஜி. என்ற பன்னாட்டுத் தர அமைப்பு 2013-இல் ஏற்றது. ஆயினும் நிரலாளர் பலர் ரீன்ஸ்காக்கின் பிரிவினையைக் கொண்டனரேயன்றி, மிலான் வரைபடத்தைக் கைக்கொண்டிலர். கருவி ஆக்கிய நிரலைக் கையால் திருத்தினால், மறுமுறை ஆக்கும்போது அத்திருத்தம் அழிந்துபோகக்கூடும். பெரிய தளமாயின் வரைபடமே காடாகிவிடும். இக்குறைகளை நாம் மறைப்பதற்கில்லை.

எனினும் இம்முறையை எளிதில் ஒதுக்க நமக்கு மனம் ஒப்பவில்லை. பணம் செலுத்துகையில் இணைப்பு அறுந்தால் பயணி எங்கே போய் நிற்பார்? வரைந்து பார்ப்பவருக்கு, அம்புக்குறி இல்லாத கட்டமொன்று அங்கே வெறிதே கிடப்பது கண்ணிற்படும். சீட்டு விற்பனை தொடங்குமுன்பே அதற்கொரு வழி வகுத்துவிடலாம்.