நீண்ட டிரிகரின் காரணம்: கோல்ட் 1878 ரிவால்வரில் 1902-இல் ஏற்கப்பட்ட திருத்தம் குறித்து ஒரு மறுபார்வை

கோல்ட் நிறுவனத்தின் 1878 மாடல் டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர்களுள், 1902-இல் அமெரிக்கப் போர்த்துறைக்காகச் செய்யப்பட்ட ஏறத்தாழ 4,600 மட்டும் தோற்றத்தில் தனித்து நிற்கின்றன. குழல் நீளம் 6 அங்குலம், தோட்டா 45 காலிபர் என்ற அளவில் புதுமை ஏதுமில்லை. டிரிகர்தான் வழக்கத்தைவிட நீண்டு இறங்குகிறது. அதைச் சூழ்ந்த காப்பு வளையமும் அதற்கேற்பப் பெருத்திருக்கிறது. சேகரிப்பாளர்கள் இதற்கு ‘அலாஸ்கா மாடல்’ என்று பெயரிட்டு, தடித்த கையுறை அணிந்த விரல் நுழைவதற்காகவே வளையம் பெரிதாக்கப்பட்டது என நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றனர். அவ்விளக்கம் பொருந்தாது என்பதும், நாம் காண்பது ஒரு பழுதுக்குச் செய்யப்பட்ட திருத்தம் என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

கையுறை விளக்கத்தை முதலில் அதற்குரிய மதிப்போடு எடுத்துக்கொள்வோம். அது வெறும் கற்பனையில் பிறந்ததன்று. வளையத்துக்குள் கையுறை விரல் தாராளமாக நுழையும். கிளாண்டைக் தங்க வேட்டை 1896-இல் தொடங்கி 1899 வரை பல்லாயிரம் பேரை அலாஸ்கா வழியாக வடக்கே இழுத்தது. திருத்தப்பட்ட ரிவால்வர் அதற்குச் சில ஆண்டுகளுக்குள் வருகிறது. காலமும் வடிவமும் இப்படிக் கைகோத்து நிற்பதால்தான் விளக்கம் இவ்வளவு காலம் கேள்வியின்றி நிலைத்தது. ஆனால் அது வளையத்துக்கு மட்டுமே காரணம் சொல்கிறது. டிரிகர் ஏன் நீண்டது என்பதற்கு அதனிடம் விடையில்லை. கையுறைக்கு வேண்டியது இடம். அந்த இடத்துக்குள்ளேயே டிரிகரை நீட்டுவது கிடைத்த இடத்தின் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகும். வடநாட்டுக் குளிரை மனத்தில் வைத்து வரைந்தவர் அப்படிச் செய்திருக்க மாட்டார்.

இதைவிட வலுவான சான்று துப்பாக்கியின் சட்டகத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளது. ‘யு.எஸ்.’ என்ற அரசு முத்திரை, ‘ஆர்.ஏ.சி.’, ‘ஜே.டி.டி.’ என்ற இரு முதலெழுத்துத் தொகுதிகள், ‘1902’ என்ற ஆண்டு ஆகியன அதில் உள்ளன. முதல் தொகுதி போர்த்தளவாடத் துறையின் ஆய்வாளர் ரினால்டோ ஏ. கார் என்பவருடையது. இரண்டாவது ஜான் டி. தாம்சனைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. 1904-இல் லூயி லகார்டுடன் சேர்ந்து தோட்டாச் சோதனைகளை நடத்தி, 45 காலிபரைப் பரிந்துரைத்தவர் அவர். தங்கம் தேடிப் போனவர் கடையில் வாங்கிய துப்பாக்கியில் இம்முத்திரைகளுக்கு வேலையில்லை. இவை அரசு வாங்கி, அரசு சோதித்து ஏற்ற பொருள்கள். இவை சென்ற இடமாகச் சொல்லப்படுவது 1901-இல் தொடங்கப்பட்ட பிலிப்பைன்ஸ் கான்ஸ்டபுலரி என்ற காவல்படை. அந்த வெப்பமண்டலத் தீவுகளில் கம்பளிக் கையுறைக்கு இடமேது?

ஆனால் ஒரு விஷயத்தை முத்திரை சொல்வதில்லை. 1902 என்பது சோதித்து ஏற்ற ஆண்டு. திருத்தம் வரையப்பட்ட ஆண்டும் அதுவே என்று அதைக்கொண்டு முடிவுகட்ட இயலாது.

இனி டிரிகருக்கு வருவோம். டபுள் ஆக்‌ஷனில் ஒரே இழுப்பு உருளையைச் சுழற்றி, சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளி, பின் விடுவிக்கிறது. சுத்தியலை இயக்கும் மெயின் ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு பாரத்தை விரல் தாங்க வேண்டும். 1878 மாடலில் இழுப்பை எளிதாக்க ஸ்பிரிங்கை மென்மையாக வைத்தார்கள். விளைவாகச் சுத்தியலின் அடி தளர்ந்து, தோட்டாவின் அடியிலுள்ள பிரைமர் வெடிக்காமல் போவது அதன் அறியப்பட்ட குறையாயிற்று. பழுது பார்ப்பவர் இதைச் சுடாத தோட்டாவின் அடிப்பகுதியைப் பார்த்தே அறியலாம். அடி பதித்த பள்ளம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் சந்தேகம் தோட்டாவின்மேல் விழும். கையால் சுத்தியலை முழுதும் ஏற்றிச் சுடும்போது ஆழமாகவும், டிரிகரை மட்டும் இழுத்துச் சுடும்போது மேலோட்டமாகவும் பள்ளம் விழுந்தால், குறை அடியின் ஆற்றலில் இருக்கிறது. பல அமைப்புகளில் டபுள் ஆக்‌ஷன் இழுப்பின்போது சுத்தியல் கையால் ஏற்றும் அளவுக்குப் பின்செல்வதில்லை. ஸ்பிரிங்கின் பலவீனம் அங்கே முதலில் வெளிப்படும்.

விறைப்பான ஸ்பிரிங் போட்டால் பிரைமர் வெடிக்கும். ஆனால் இழுப்பு விரலுக்கு மீறும். இங்கேதான் நீண்ட டிரிகர் பொருள் பெறுகிறது. கடப்பாரையை நுனியில் பிடித்துப் பாறையைப் புரட்டுவது போன்ற கணக்கு இது. சுழல்மையத்திலிருந்து விரல் படும் இடம் மூன்றில் ஒரு பங்கு தள்ளிப்போனால், தேவையான விசை நான்கில் ஒரு பங்கு குறையும். விலையாக, விரல் கடக்கும் தொலைவு மூன்றில் ஒரு பங்கு கூடும். நீண்ட டிரிகர் கூடுதல் தூரம் வீச இடம் வேண்டும். அதனால் வளையம் பெருத்தது. ஆக, விறைத்த ஸ்பிரிங், நீண்ட டிரிகர், பெருத்த வளையம் என்ற மூன்றும் ஒரே காரணத்தின் தொடர்ச்சி. கையுறை விளக்கம் இத்தொடரின் கடைசிக் கண்ணியைப் பிடித்துக்கொண்டு அதையே தொடக்கம் என்கிறது.

இரு மறுப்புகள் எழக்கூடும். குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டுச் சுத்தியலின் வேகம் குறையும். ஆகவே விறைப்பான ஸ்பிரிங்கும் அலாஸ்காவுக்கே உரியதாகலாம் என்பது ஒன்று. ஆனால் மென்மையான ஸ்பிரிங்கின் குறை எந்தத் தட்பவெப்பத்திலும் தோன்றக்கூடியது. அதை விளக்கக் குளிரைத் துணைக்கழைக்கத் தேவையில்லை. இரு விரல்களால் இழுப்பதற்காகவே டிரிகர் நீட்டப்பட்டது என்பது மற்றொன்று. இதை நான் அடியோடு தள்ளவில்லை. அது உண்மையானாலும், இழுப்பின் பாரத்தைச் சமாளிப்பதே நோக்கம் என்ற என் வாதத்துக்கு வலு சேர்க்குமேயன்றிக் குலைக்காது.

தீராத கேள்வி ஒன்று உண்டு. கோல்ட் நிறுவனத்தின் நியூ சர்வீஸ் ரிவால்வர் 1898-இலேயே வந்துவிட்டது. உருளை பக்கவாட்டில் திறக்கும் அந்தப் புதிய அமைப்பைத்தான் இராணுவம் 1909-இல் 45 காலிபரில் ஏற்றது. அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், 1902-இல் பழைய மாடலைத் திருத்தி வாங்கியது ஏன்? பிலிப்பைன்ஸ் தீவுகளில் 38 காலிபர் ரிவால்வரின் தடுக்கும் ஆற்றல்பற்றி எழுந்த குறைகூறல் பெரிய தோட்டாவை நோக்கித் தள்ளியது என்பது தெளிவு. ஆனால் அது காலிபருக்குக் காரணமே தவிர, மாடல் தேர்வுக்கு அன்று. அவசரமும் விலையும் காரணமாகலாம் என்பது என் ஊகம். அதற்குமேல் அழுத்த மாட்டேன். பெயர் எதுவாக வழங்கினாலும், காட்சி அட்டைகளும் கைநூல்களும் இனி இதை டபுள் ஆக்‌ஷன் பழுதுநீக்க வரலாற்றின் ஓர் ஆவணமாகக் குறிப்பதே முறை.