பழைய மில்லிங் மெஷினுக்கு மாற்றுப் பாகம்: அளக்க வேண்டியது எதை?

1. களம்

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதல் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகள், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து விசைத்தறிகள் வரை எல்லாம் லேத் பட்டறைகளை நம்பியே ஓடுகின்றன. அங்கே கீவேயும் பல்சக்கரமும் வெட்டுவது மில்லிங் மெஷின். அதிலேயே ஒரு பாகம் உடைந்தால், செய்தவர்கள் அந்த மாடலை எப்போதோ கைவிட்டிருப்பார்கள். பழைய இரும்புக் கடையில் அகப்படுவதும் தேய்ந்ததாகவே இருக்கும். ஆகவே உடைந்ததைக் கையில் கொடுத்து, “இதே மாதிரி செஞ்சு குடுங்கண்ணே” என்பது வழக்கம். இக்கட்டுரை மறுப்பது அந்த வழக்கத்தை. தேய்ந்ததைப் பார்த்துச் செய்தால் தேய்மானமும் சேர்ந்தே புதுப் பாகத்தில் ஏறும். முதலில் கண்டறிய வேண்டியது, அந்தப் பாகம் எந்த அளவுமுறையில் பிறந்தது என்பதை.

2. அங்குலமா, மில்லிமீட்டரா?

மெட்ரிக் முறைக்கான சட்டம் இந்தியாவில் 1956-இல் வந்தது. அதற்கு முந்தைய பிரிட்டிஷ் மெஷின்கள் அங்குலக் கணக்கில் ஆனவை. 1961-இல் ஜெர்மன் கூட்டுறவோடு பெங்களூரில் தோன்றிய பாரத் ஃப்ரிட்ஸ் வெர்னர் போன்றவற்றின் மெஷின்கள் மில்லிமீட்டரில் ஆனவை. ஒரே பட்டறையில் இரண்டும் கலந்து கிடக்கும்போது குழப்பம் பிறக்கிறது. 40-ஆம் எண் ஸ்பிண்டிலின் கூம்பு இரண்டுக்கும் ஒன்றுதான். ஆர்பரை ஸ்பிண்டிலுக்குள் இழுத்துப் பிடிக்கும் டிராபாரின் மரைதான் வேறு: மில்லிமீட்டர் மெஷினில் எம்16, அங்குல மெஷினில் 5/8 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 11 மரை. விட்டம் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் ஓரிரு சுற்று ஏறிவிட்டு இறுகிக்கொள்ளும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் ஆர்பர் கெடும். இரண்டு டிராபார் கடைந்து வைத்தால் போதும்.

3. ஃபீட் பாக்ஸ் பல்சக்கரம்

30 பல் சக்கரம் ஒன்றின் வெளிவிட்டம் 81 மி.மீ. காட்டுகிறது என்று கொள்வோம். மில்லிமீட்டர் முறையில் 2.5 மாட்யூலாக இருந்தால் 80 மி.மீ. இருக்க வேண்டும், அங்குல முறையில் 10 டி.பி. (டயமெட்ரல் பிட்ச்) என்றால் 81.28. தேய்ந்த சக்கரம் சிறுக்குமே தவிரப் பெருக்காது. எனவே இது 10 டி.பி. தான். கையிலிருக்கும் 2.5 மாட்யூல் கட்டரால் இதை வெட்டி மாட்டினால் பல்லுக்குப் பல் 0.126 மி.மீ. முரண்படும், கத்தும், பிறகு உடையும்.

10 டி.பி. கட்டர் கிடைக்காதபோது ஜோடியையே மாற்றலாம் என்பது என் துணிபு. 30-க்கு 50 பல் ஜோடியின் மைய இடைவெளி 101.6 மி.மீ. 2.5 மாட்யூலில் 30-க்கு 51 பல் வைத்தால் 101.25 வரும். எஞ்சிய 0.35 மி.மீ. இடைவெளியைப் பல் வெட்டும் ஆழத்தைச் சற்றுக் குறைத்து ஈடுகட்டலாம். ஃபீட் வேகம் ஒரு நூலளவு மாறும்; வெட்டும் வேலைக்கு அதனால் கெடுதல் இல்லை.

4. லீட் ஸ்க்ரூவும் நட்டும்

மேசை நடுவிலேயே அதிகம் ஓடுவதால் ஸ்க்ரூவும் நடுவில்தான் தேயும். நடுவுக்குப் பொருந்த கன்மெட்டல் நட் செய்தால் ஓரங்களில் இறுகும். தேயாத முனையில் அளந்து ஸ்க்ரூவையும் நட்டையும் சேர்த்தே புதிதாக்குவதுதான் முறை. அங்குலத்துக்கு 5 மரை உள்ள ஸ்க்ரூவுக்குப் பதிலாக 5 மி.மீ. பிட்ச் ஸ்க்ரூவை மாட்டினால், பழைய டயலை நம்பி 101.6 மி.மீ. நகர்த்துகிறவருக்கு 100 மி.மீ. தான் கிடைக்கும். டயலை மாற்றினாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. சாய்பல் வெட்டுகையில் மேசை ஸ்க்ரூவிலிருந்தே டிவைடிங் ஹெட் சுழல்கிறது. 40-க்கு 1 விகிதத்தில் 8 அங்குலமாக இருந்த மெஷினின் லீட் 200 மி.மீ. ஆகிவிடும். பழைய சேஞ்ச் கியர் அட்டவணை செல்லாது.

5. டிவைடிங் ஹெட்

வெட்டும் பற்களைச் சம இடைவெளியில் பிரித்துத் தருவது இதுதான்; இதில் மட்டும் எந்தத் தழுவலும் கூடாது. தறியில் துணியை இழுத்துக்கொள்ளும் ஏழு சக்கர டேக்-அப் அமைப்பில், 36 பல் ஸ்டாண்டர்டு வீல் இருந்தால், சேஞ்ச் வீலின் ஒரு பல் அங்குலத்துக்கு ஒரு ஊடை. அந்தச் சக்கரத்தின் பற்கள் சமமாக விழாவிட்டால் துணியில் ஒரே இடைவெளியில் குறுக்குக் கோடு விழுந்துகொண்டே இருக்கும். டிவைடிங் ஹெட்டின் தேய்ந்த வார்ம் வீலோடு புது வார்மைச் சேர்ப்பது இந்தக் கோட்டுக்கு வழிவிடுவதாகும். ஹாப்பிங் வசதியுள்ள பட்டறையில் இரண்டையும் ஜோடியாகச் செய்து வாங்குவது செலவுதான். ஆனாலும் அதில் சிக்கனம் பார்க்கலாகாது.